கால் நரம்பு வைத்த பைபாஸ் மறுபடி அடைத்துக்கொண்டபோது

அப்பாவுக்கு 2012-இல் பைபாஸ் நடந்தது. மூன்று அடைப்பு. மார்புக்கு உள்பக்கம் ஓடும் தமனியை இதயத்தின் முன்பக்கக் குழாயில் இணைத்தார்கள். மற்ற இரண்டுக்கும் இடது காலைக் கணுக்காலிலிருந்து தொடைவரை கீறி நரம்பு எடுத்தார்கள். நரம்பு என்று நாம் பேச்சில் சொன்னாலும் அது சிரை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் குழாய். இந்த வித்தியாசம் எனக்கு உறைக்க 11 வருடம் ஆயிற்று.

2023-இல் ஒரு நாள் சந்தையிலிருந்து பையோடு வந்தவர் வழியில் இரண்டு தடவை நின்றிருக்கிறார். வீட்டில் சொல்லவே இல்லை, முக்குக் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். ஆஞ்சியோ முடிந்ததும் டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். மார்புத் தமனி கோடு இழுத்த மாதிரி வழவழவென்று கடைசி வரை ஓடியது. கால் நரம்பில் ஒன்று தொடங்கிய இடத்திலேயே மொட்டையாக நின்றுவிட்டது. இன்னொன்று நடுவில் சுருங்கி, ஓரமெல்லாம் அரித்தது போல இருந்தது. ஒரே நாளில் ஒரே டாக்டர் தைத்தது, இதற்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். சிரைக்குள் ரத்தம் துடிப்பில்லாமல் மெதுவாகப் போகும். இதயத்தில் தைத்த நிமிடத்திலிருந்து 120 அளவு அழுத்தம், ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் அடி. அதைத் தாங்குவதற்காகச் சுவர் தடிக்கும், தசைச் செல்கள் உள்பக்கம் நகர்ந்து வந்து பெருகும். முதல் வருடத்தில் இதுதான் நடக்கும். தடித்த அந்த இடத்தில் அப்புறம் கொழுப்பு படியும். சொந்தக் குழாயில் பல பத்து வருடம் பிடிக்கிற வேலை இங்கே சில வருடங்களில் முடிந்துவிடும். 10 வருடத்தில் கால் நரம்புகளில் பாதியளவு அடைத்துப்போகலாம். மார்புத் தமனி பிறந்ததிலிருந்தே அந்த அழுத்தத்தில் இருந்து பழகியது, அதனால் 10-இல் 9 பேருக்கு அப்போதும் திறந்திருக்கும்.

"கொழுப்பு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா?" என்று அடுத்துக் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 2016-இல் ரிப்போர்ட் நார்மல் என்று வந்ததும் இனி எதற்கு என்று நிறுத்தச் சொன்னது நான்தான். மாத்திரையால்தான் அது நார்மலாக இருந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சுருங்கிய நரம்புக்குள் அவர் ஸ்டென்ட் (பலூனால் விரித்து, குழாயைத் திறந்தே வைக்கும் சின்ன வலைக்குழாய்) வைக்கவில்லை. அதற்குள் படிந்த கொழுப்பு புட்டு மாதிரி உதிரும், பலூனை விரித்தால் துகள் கீழே போய்ச் சின்னக் குழாய்களை அடைத்துவிடும் என்றார். பழைய சொந்தக் குழாயையே திறந்து அதில் வைத்தார்கள்.

மறுமொழி 1

என் அத்தைக்கு வருடக்கணக்கு கூட இல்லை, 24-ஆம் நாளே அடைத்துவிட்டது. ரத்தம் உறைந்துபோயிருந்தது. வயிறு எரிகிறது என்று ஆஸ்பிரினை யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கிறார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வயிற்றுக்கும் ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்திருப்பார். அந்த 24 நாளும் தினமும் போனில் பேசினேன், மாத்திரையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

மறுமொழி 2

தம்பி, நான் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எடுத்த நரம்பின் கிளைகளைக் கட்டிவிட்டு, எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க சிரிஞ்சால் உள்ளே திரவம் ஏற்றுவோம். கொஞ்சம் வேகமாக அழுத்தினாலும் உள்படலம் உரிந்துபோகும், கண்ணுக்குத் தெரியாது. ரத்தம் முதலில் உறைவது அந்த மாதிரி இடத்தில்தான். அதனால்தான் சில இடங்களில் இப்போது ஊதிப் பெரிதாக்காமல், சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்தே நரம்பை எடுக்கிறார்கள். சுவீடனில் சூசா என்ற சர்ஜன் தொடங்கிய முறை. கால் புண் ஆற நாளாகும், ஆனால் நரம்பு நெடுநாள் திறந்திருக்கிறது.

மறுமொழி 3

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அப்பாவின் 2012 டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்தேன். எந்த நரம்பு எந்தக் குழாய்க்கு என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆஞ்சியோ சிடியையும் அதே கவரில் போட்டு வைத்துவிட்டேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பாவே மாத்திரை டப்பாவை எடுத்து வந்து, அன்றைய கட்டம் காலியாகிவிட்டதை எனக்குத் திறந்து காட்டுகிறார்.