‘ரூட்கிட்’: வேரா, மறைவா, கரவா?

அன்புடையீர், வணக்கம்.

கணினிக்குள் ஒளிந்திருந்து, தன்னையும் பிறவற்றையும் பயனரிடமிருந்து மறைக்கும் மென்பொருளை ஆங்கிலத்தில் ‘ரூட்கிட்’ என்பர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ள வேர்க்கருவி, மூலப்பொதி, மறைநிரல் ஆகிய மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பதைவிட, அது சுட்டும் பொருள் கணினிக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்பதே நமக்கு வழிகாட்டும். அதற்கு, 2005-இல் சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் விற்ற இசைவட்டுகளைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை.

விண்டோஸின் உள்ளமைப்பை நன்கறிந்த மார்க் ருசினோவிச், தாம் நிறுவாத இயக்கி (‘டிரைவர்’ எனப்படும், இயக்குதளத்தோடு சேர்ந்து இயங்கும் நிரல்) ஒன்று தம் கணினியில் ஒளிந்திருப்பதைக் கண்டு, அது வந்த வழியைத் தேடிச் சென்றபோது, காசு கொடுத்து வாங்கிய ஓர் இசைவட்டில் போய் முடிந்தது. அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று அதை வலைப்பதிவில் வெளியிட்டார். அவ்வட்டுகளில் இருந்தது, ஃபர்ஸ்ட் ஃபோர் இன்டர்நெட் என்ற பிரித்தானிய நிறுவனம் உருவாக்கிய எக்ஸ்.சி.பி. என்னும் நகல்தடுப்பு மென்பொருள். அதன் இயக்கி, கோப்புகளின் பட்டியலைக் கேட்டு நிரல்கள் விடுக்கும் அழைப்புகளை இயக்குதளத்தின் உள்மையமான கர்னலிலேயே இடைமறித்து, இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே ‘சிஸ்’ என்ற எழுத்துகளைக் கொண்டு பெயர் தொடங்கும் எதையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டே விடையளித்தது. ருசினோவிச் நோட்பேட் நிரலுக்கு ஒரு நகல் எடுத்து, அந்த முன்னொட்டைச் சேர்த்துப் பெயரிட்டார். அந்த நொடியே அது கண்ணிலிருந்து மறைந்துபோயிற்று.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். ‘ரூட்’ என்பது யுனிக்ஸ் இயக்குதளத்தில் முழு அதிகாரம் படைத்த பயனரின் பெயர். அவ்வதிகாரத்தைக் கைப்பற்றியவர்கள், கோப்புகளையும் இயங்கும் செயல்களையும் பட்டியலிடும் கட்டளைகளுக்குப் பதிலாகத் தங்கள் போலிகளை வைத்துவிட்டுப் போன கருவித்தொகுப்பே முதலில் இப்பெயர் பெற்றது. விண்டோஸிலோ அப்பெயரில் பயனரே இல்லை. எனவே ‘வேர்’ என்று பெயர்ப்பது வழக்கொழிந்த ஒரு வரலாற்றைப் பெயர்ப்பதாகும். படிப்பவர் மரத்தடியைத்தான் தோண்டுவார். ‘மூலம்’ என்றாலோ, ‘சோர்ஸ் கோட்’ என்பதற்கு வழங்கும் மூலநிரல் குறுக்கே வருகிறது. (மருத்துவர்கள் வேறொன்றை நினைப்பார்கள் என்பதைச் சொல்லாமலே விடுகிறேன்.)

‘மறைநிரல்’ பொருளுக்கு மிக நெருங்கியது. ஆனால் மறைக்குறியாக்கம், மறையாக்கம் என்று, தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்கத் துறை அந்த வேரை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டதால், தகவலைக் குறியாக்கும் நிரல் என்றே பலர் கொள்வர். ‘ஒளிநிரல்’ எழுத்தில் வெளிச்சமாகிவிடும்.

எனது பரிந்துரை ‘கரவுநிரல்’. கரத்தல் என்றால் மறைத்தல், ஒளித்தல். ‘இயல்வது கரவேல்’ என்று எழுத்தறியும் நாளிலேயே நமக்கு அறிமுகமான சொல் அது. மறைவோடு வஞ்சகம் என்ற பொருளும் கரவுக்கு உண்டு. அந்தச் சாயல் வேண்டாம், நடுநிலையான சொல்லே வேண்டும் என்பார்க்கு ஒன்று சொல்வேன். எக்ஸ்.சி.பி. நிறுவிய சேவைகளுள் ஒன்று ‘பிளக் அண்ட் பிளே டிவைஸ் மேனேஜர்’ என்று, விண்டோஸின் சொந்த உறுப்புப் போலவே பெயர் சூட்டிக்கொண்டிருந்தது. உரிம ஒப்பந்தத்திலோ இந்த மறைப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இதற்கு வஞ்சகச் சாயல் பொருந்தாது என்று எப்படிச் சொல்வது?

பாண்டவர் விராட நகரில் வாழ்ந்ததைக் குறிக்கும் ‘கரந்துறை’ என்ற அழகான சொல்லைக் கொண்டு ‘கரந்துறைநிரல்’ எனலாமே என்று எனக்கே ஆசை இருந்தது. கைவிட்டேன். கரந்துறைவோர் தம்மை மட்டுமே மறைத்துக்கொள்கிறார்கள்; இதுவோ பிறரையும் மறைக்கிறது. பாதுகாப்புச் சிக்கலின் மையமே அதுதான். அந்த முன்னொட்டைத் தமக்கு இட்டுக்கொண்ட யாருக்கும் அந்த இயக்கி அடைக்கலம் தந்தது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஏமாற்றுவோர் காவல் நிரலின் கண்ணில் படாமல் தம் கருவிகளை அதன் நிழலில் ஒளித்தார்கள். நவம்பரிலேயே தீநிரல்களும் அதே நிழலுக்கு வந்து சேர்ந்தன. போதாக்குறைக்கு, அதனை நீக்குவதற்கென வழங்கப்பட்ட இணையவழிக் கருவியே எந்த வலைத்தளமும் கணினிக்குள் நுழையக்கூடிய ஓட்டையை விட்டுச்சென்றதைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட் ஃபெல்டனும் அலெக்ஸ் ஹால்டர்மனும் கண்டுபிடித்தனர். ஆகவே தன்வினை, பிறவினை இரண்டுக்கும் இடமளிக்கும் பெயர்ச்சொல்லே தேவை. கரவு அதற்கு இடமளிக்கிறது. ‘கரப்பி’ என்றும் சுருக்கலாம்தான், ஆனால் கேட்டவுடன் அடுக்களைப் பூச்சிதான் நினைவுக்கு வரும்.

‘கிட்’ என்பதிலுள்ள தொகுப்புப் பொருள் போய்விடுகிறதே என்ற குறை சரிதான். இன்று ஒற்றை இயக்கியையும் அப்பெயராலேயே அழைப்பதால், அதை இழப்பதில் எனக்கு வருத்தமில்லை.

‘ரூட்கிட் என்றே எழுதிவிட்டால் என்ன’ என்ற கேள்விக்கு மட்டும் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். சோனி பிஎம்ஜியின் எண்ணிம வணிகத் தலைவர் தாமஸ் ஹெஸ்ஸி, நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்கப் பொது வானொலியில், பெரும்பாலானோருக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, பிறகு அவர்கள் ஏன் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்ற பொருள்படப் பேசினார். சில நாள்களுக்குள் வட்டுகளைத் திரும்பப் பெறும்படி ஆயிற்று. 52 இசைத்தொகுப்புகளில் அந்த மென்பொருள் இருந்தது, விற்றுப்போன வட்டுகள் மட்டும் ஏறத்தாழ 21 லட்சம். சொல் புரியாமலிருப்பது யாருக்கு வசதியாக இருந்தது என்று பாருங்கள். ‘உங்கள் கணினியில் கரவுநிரல் இருக்கிறது’ என்று சொன்னால், கணினி அறியாத என் பெரியம்மாவும் ‘எதை ஒளித்து வைத்திருக்கிறது?’ என்று கேட்பார்.

அகராதியில் இடுவதற்கான வரைவு: கரவுநிரல் (பெயர்ச்சொல்) – கணினியில் உயர் அதிகாரம் பெற்று, தன்னையோ பிற நிரல், கோப்பு, செயல்களையோ பயனரும் பாதுகாப்புக் கருவிகளும் காணாதபடி மறைக்கும் மென்பொருள். கணினி தொடங்கும்போதே, இயக்குதளத்துக்கு முன்னதாக ஏறிக்கொள்ளும் வகையைத் ‘தொடக்கக் கரவுநிரல்’ எனலாம். இதில் ‘தொடக்க’ என்பதற்கு இன்னும் நல்ல சொல் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.