ஆக்சலேட் இரும்பு டைத்தயோனைட் இரும்பைவிட அதிகம் வருகிறது, யாராவது உதவுங்கள்

வணக்கம். கருங்கல் மணல் கலந்த மண் மாதிரிகளில் ஆக்சலேட்டில் கரையும் இரும்பு, டிசிபி (டைத்தயோனைட்-சிட்ரேட்-பைகார்பனேட்) முறையில் கரைவதைவிடக் கூடுதலாக வருகிறது. ஆக்சலேட் இரும்பு / டிசிபி இரும்பு விகிதம் 1-ஐத் தாண்டுகிறது. ஆக்சலேட் நன்கு படிகமாகாத இரும்பு ஆக்சைடுகளை மட்டும் கரைக்கும், டிசிபி படிகமானவற்றையும் சேர்த்துக் கரைக்கும் என்பதால் வழக்கமாக இப்படி வரக்கூடாது.

ஆக்சலேட் முறை: 0.2 மோலார் அம்மோனியம் ஆக்சலேட், ஆக்சாலிக் அமிலம் சேர்த்து பி.எச். 3.0. மண்ணும் கரைசலும் 1:50. குழாய்களை அலுமினியத் தாளில் சுற்றி, இருட்டில் 4 மணி நேரம் குலுக்கல். வெளிச்சம் பட்டால் படிக இரும்பு ஆக்சைடுகளான கோதைட், ஹெமடைட்டும் கரையத் தொடங்கும் என்பதால் இதில் விட்டுக்கொடுப்பதே இல்லை.

டிசிபி: 2 கிராம் மண், 0.3 மோலார் சோடியம் சிட்ரேட் 40 மி.லி., 1 மோலார் பைகார்பனேட் 5 மி.லி., 80 டிகிரியில் டைத்தயோனைட் 1 கிராம், 15 நிமிடம் கிளறல். வெப்பம் அதற்கு மேல் போவதில்லை. போனால் கருப்பாக இரும்பு சல்பைடு படியும். மண்ணின் சிவப்பு போகும்வரை திரும்பச் செய்கிறோம். இரும்பை அளக்கும் ஏ.ஏ.எஸ். (அணு உறிஞ்சல் நிறமாலைமானி) கருவிக்கான திட்டக் கரைசல்கள் அந்தந்தப் பிரித்தெடுப்புக் கரைசலிலேயே தயாரிக்கப்படுகின்றன.

சந்தேகம் மேக்னடைட் (காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு) மீதுதான். அது ஆக்சலேட்டில் கரையும், டிசிபியில் அதிகம் கரையாது. கரைந்து வரும் இரும்பு(II) மற்ற ஆக்சைடுகளையும் இழுத்துவிடும் (பழைய டைத்தயோனைட் வீரியம் இழந்திருந்தாலும் விகிதம் ஏறும், ஆனால் புது புட்டியிலும் இதேதான்).

என் கேள்விகள் இவை. காந்தத்தால் முதலில் பிரித்தெடுத்தால் மேக்னடைட்டோடு ஒட்டிய ஃபெரிஹைட்ரைட்டும் (நன்கு படிகமாகாத இரும்பு ஆக்சைடு) போய்விடாதா? ஆக்சலேட்டுக்குப் பதில் 0.25 மோலார் ஹைட்ராக்சிலமின் ஹைட்ரோகுளோரைடு – 0.25 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், 50 டிகிரி, 30 நிமிடம் செய்தவர்கள் உண்டா? களிமண் அதிகமுள்ள மாதிரியில் எவ்வளவு மண் எடுத்தீர்கள்?