ஸ்ரியரிங் றாக் முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா? கொரொல்லா 110, முள்ளியவளை

முள்ளியவளை வயல்காரன்:

வணக்கம் அண்ணைமார். கார் 1997ஆம் ஆண்டு கொரொல்லா 110, பவர் ஸ்ரியரிங். அப்பா வாங்கியது. இப்போது இரண்டு வேலைக்கு ஓடுகிறது. மாதம் ஒருமுறை அம்மாவை யாழ்ப்பாணம் கிளினிக்குக்குக் கூட்டிப் போவேன். பரந்தன் வழியாகப் போய் இறங்க 100 கிலோமீற்றருக்கு மேல் வரும். மற்றது, கிழமையில் மூன்று நாள் தண்ணிமுறிப்புப் பக்கம் வயலுக்கு. அந்தக் கிரவல் பாதை எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும்.

போன மாரியில் வான் பாய்ந்த தண்ணீருக்குள்ளால் நாலைந்து தடவை காரை எடுத்தேன். மழை விட்ட பிறகு கீழே குனிந்து பார்த்தால் இடது பக்க றாக் பூட் வெடித்துக் கிழிந்து தொங்குகிறது (றாக் என்பது ஸ்ரியரிங் திருப்பத்தை முன் சில்லுகளுக்குக் கொண்டுபோகிற பல்லுத் தண்டுத் தொகுதி, பூட் அதன் கரையை மூடுகிற மடிப்பு றப்பர்). வெறும் றப்பர்தானே என்று விட்டுவிட்டேன். இப்போது சின்னப் பள்ளத்தில் விழுந்தாலே “டக்” என்று ஒரு சத்தம், அது ஸ்ரியரிங் பிடித்த கைக்கே வருகிறது. நேர் றோட்டில் 70இல் போகும்போது காரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. முன் ரயர்களில் உள்விளிம்பு தேய்ந்துவிட்டது. கையால் தடவினால் ஒரு பக்கமாக வழுக்குகிறது, மறுபக்கமாக வாள் பல்லுப் போலக் கையில் பிடிக்கிறது.

ஒரு கராஜில் காட்டினேன். காரைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், றாக் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள். தெரிந்த ஒருவர், பூட்டை மட்டும் போடு, காணும் என்கிறார். ஜக், ஸ்ராண்ட் இரண்டு, ஸ்பனர் செற், உதவிக்குத் தம்பி, எல்லாம் வீட்டில் இருக்கிறது. ரயரும் பிறேக் பாட்டும் நானே மாற்றுவேன். ஸ்ரியரிங்கில் மட்டும் கை வைத்ததில்லை. அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு ஓடுகிற கார் என்பதால் பயமாக இருக்கிறது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெளியூர்ச் சொந்தங்கள் வருவதற்குள் செய்து முடிக்க நினைக்கிறேன். நானே செய்யலாமா? எதில் தொடங்குவது?

பழைய ஸ்பனர்:

தம்பி, றாக்குக்குக் காசு கட்டாதீர்கள். பூட்டை மட்டும் போட்டு மூடவும் வேண்டாம். முதலில் பாருங்கள், பிறகு வாங்குங்கள்.

முன் பக்கத்தைத் தூக்கி ஸ்ராண்டில் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகக்கூடாது. சில்லை மணிக்கூட்டில் 3, 9 இருக்கிற இடத்தில் இரண்டு கையாலும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். அங்கே மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்ரியரிங் பக்கம். 12, 6இல் ஆடினால் சில்லுப் பெயாரிங் அல்லது கீழ் போல் ஜொயின்ற், அது வேறு கதை. உங்கள் தம்பி சில்லை ஆட்டட்டும், நீங்கள் கீழே படுத்து முதலில் வெளி எண்டை (றாக்கிலிருந்து சில்லுக்கு வருகிற றொட்டின் வெளி மூட்டு) பிடியுங்கள், பிறகு பூட்டுக்கு மேலால், உள்ளே இருக்கிற றாக் எண்டின் (அந்த றொட் றாக் தண்டோடு சேருகிற உள் மூட்டு) குண்டை அமர்த்திப் பிடியுங்கள். எது தேய்ந்ததோ அது உங்கள் விரலுக்குத் துடிக்கும். கண்ணால் பார்ப்பதைவிட விரல் சரியாகச் சொல்லும்.

அடுத்தது எண்ணெய். பூட்டின் உள்பக்கக் கிளிப்பைக் கழற்றிக் கொஞ்சம் விலக்குங்கள். பவர் ஸ்ரியரிங் எண்ணெய் ஊற்றினால் றாக்கின் சீல் போய்விட்டது, அப்போதுதான் றாக்கைக் கழற்றுகிற கதை. சேறும் பழைய கிறீஸும் மட்டும் என்றால் றாக் எண்டோடு முடியலாம். பூட் விலகியிருக்கும்போதே ஸ்ரியரிங்கை ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் திருப்பி, வெளியே வருகிற றாக் தண்டைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துரு குழி குழியாகத் தின்றிருந்தால் அந்தக் குழி சீலைக் கிழிக்கும். பளபளப்பாக இருந்தால் தப்பிவிட்டீர்கள்.

வெறும் றப்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 90களில் பொருளாதாரத் தடை இருந்தபோது நான் புதுக்குடியிருப்பில் வேலை பழகினேன். பெற்றோல் இல்லை, கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எங்களிடம் ஒரு மொரிஸ் மைனர் வந்தது. அதிலும் றாக் ஸ்ரியரிங்தான், இரண்டு பக்கமும் இதேபோல றப்பர். புது றப்பருக்கு எங்கே போவது? லொறி ரியூப்பை வெட்டிச் சுற்றி, இழைக்கயிற்றால் கட்டி விட்டோம். ஒரு கோடை தாங்கியது. மாரிக்கு இடுக்கால் சேறு போய், கிறீஸோடு சேர்ந்து அரைக்கிற மா மாதிரி ஆகி, நல்ல றாக்கைத் தின்றுவிட்டது. அன்றைக்கு வழியில்லை. இன்றைக்குக் கடையில் தொங்குகிறது. கிழிந்ததைக் கண்ட கிழமையே மாற்றியிருந்தால் உங்கள் றாக் எண்ட் தப்பியிருக்கும்.

றாக் எண்ட், வெளி எண்ட், பூட், கிளிப் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் வாங்குங்கள். பழையதைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து நீளம், புரி, பூட்டின் இரண்டு வாயளவு மூன்றையும் ஒப்பிட்டு வாங்குவது நல்லது. 555 போன்ற ஜப்பான் சாமான் கிடைத்தால் விடாதீர்கள்.

கழற்றும்போது: வெளி எண்டைக் கழற்ற முன்னமே லொக் நட்டை (எண்டை றொட்டில் அசையாமல் பிடிக்கிற நட்) ஒரு கால் சுற்றுத் தளர்த்துங்கள், எண்ட் நக்கிளில் (சில்லைத் தாங்குகிற இரும்பு) இருக்கும்போதுதான் அதற்குப் பிடி இருக்கும். லொக் நட் நின்ற இடத்தைப் பெயின்றால் குறியுங்கள். எண்டின் பின்னை இழுத்து, அந்தப் பின் பூட்டியிருந்த நட்டைக் கழற்றி, திரும்ப நாலு புரி ஏற்றி விடுங்கள். புரியில் அடிக்கவே கூடாது. நக்கிளின் காது இருக்கிறதே, அதன் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு அடி. மறுபக்கம் இன்னொரு பாரச் சுத்தியலை அண்டை கொடுத்தால் எண்டின் கூர்ப்புத் தண்டு தானாக விடும். எண்டைச் சுழற்றிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள்.

றாக் எண்டைத் திருகும்போது றாக் தண்டில் தட்டையான இடத்தில் இன்னொரு சாவி போட்டுப் பிடியுங்கள். பிடிக்காமல் திருகினால் அந்தப் பலம் முழுவதும் உள்ளே இருக்கிற பல்லுக்குப் போகும். பழைய வாசருக்குக் காது மடித்திருந்தால் நிமிர்த்தி எடுத்து, புது வாசர் போட்டு மடியுங்கள். எவ்வளவு இறுக்கம் என்பதற்கு அந்தக் காரின் புத்தகத்தைப் பார்த்து ரோர்க் சாவியால் (இறுக்கத்தை அளந்து காட்டுகிற சாவி) இறுக்குங்கள், இதில் கை மதிப்பு வேண்டாம்.

பூட் போட முன் தண்டைத் துடைத்துப் புதுக் கிறீஸ் வையுங்கள். பூட்டின் சின்ன வாய் உட்காருகிற இடத்தில் மட்டும் சிலிக்கன் கிறீஸ். சில றாக்குகளில் இரண்டு பூட்டுக்கும் இடையே ஒரு காற்றுக் குழாய் ஓடும். அது இருந்தால் பூட்டின் ஓட்டைக்குச் சரியாக வர வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பூட் ஊதும், மற்றது சப்பும். கிளிப்புக்குப் பதில் பிளாஸ்ரிக் பட்டி கட்டாதீர்கள்.

நெடுங்கேணி ரீச்சர்:

நானும் இதே வேலையை என் காருக்குச் செய்வித்தேன். அண்ணை சொன்னதில் ஒன்றைக் கூட்டுகிறேன். சுற்று எண்ணிப் போட்டாலும் அலைன்மென்ட் (சில்லுகள் நிற்கிற கோணத்தை அளந்து சரிசெய்வது) செய்யாமல் ஓடாதீர்கள். புது எண்டின் நீளம் ஒரு மயிரிழை மாறினாலும் ரயருக்குத் தெரியும். நான் அடுத்த மாதம் பார்ப்போம் என்று விட்டதில் புது ரயர் இரண்டின் விளிம்பும் போய்விட்டது. அன்றைக்கே போங்கள், அதுவரை மெதுவாக ஓடுங்கள்.

முள்ளியவளை வயல்காரன்:

அண்ணை, ரீச்சர், மிகவும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதே வேலைதான்.

இடது பூட்டுக்குள் எண்ணெய் ஒரு சொட்டும் இல்லை. சேறு மட்டும், நீங்கள் சொன்ன அதே மா. றாக் எண்டின் குண்டு கையால் ஆட்டவே ஆடுகிறது. தம்பி சில்லை அசைக்க என் விரலுக்கு அந்த “டக்” அப்படியே வந்தது. தண்டில் துரு இல்லை, துடைத்ததும் பளபளத்தது. அதைக் கண்டதும்தான் மூச்சு வந்தது. வலது பக்கம் ஆட்டம் இல்லை, ஆனால் பூட்டின் மடிப்புகளில் வெடிப்பு. இரண்டு பக்கமும் மாற்றிவிட்டேன்.

இடது எண்ட் 17 சுற்று, வலது 18. நக்கிளில் அடித்தது மட்டும் கஷ்டம், ஏழெட்டு அடிக்குப் பிறகுதான் விட்டது. வலது பக்க நட்டைச் சரியான இறுக்கத்துக்குக் கொண்டுவந்தபோது பின் போடுகிற ஓட்டை நேருக்கு வரவில்லை. நட்டைத் திருப்பித் தளர்த்தாமல், ஓட்டை வரும்வரை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பின்னைப் போட்டேன். அது சரிதானே?

சத்தம் போய்விட்டது. வயல் பாதையில் மெதுவாக ஒரு தடவை ஓடிப் பார்த்தேன், கை அமைதியாக இருக்கிறது. ஆனால் நேரே போகும்போது ஸ்ரியரிங் வளையம் கொஞ்சம் இடது பக்கம் சரிந்து நிற்கிறது. நாளைக் காலை கிளிநொச்சிக்கு அலைன்மென்டுக்குப் போகிறேன்.

பழைய ஸ்பனர்:

பின் விஷயத்தில் செய்தது சரி. எப்போதும் முன்னுக்குத்தான், ஓட்டைக்காகத் தளர்த்தக்கூடாது.

வளையம் சரிந்திருப்பதற்குப் பயப்படாதீர்கள். ஸ்ரியரிங் வளையத்தைக் கழற்றித் திருப்பிப் போடவும் விடாதீர்கள். ஒரு பக்க றொட்டை நீட்டி, மறு பக்கத்தை அதே அளவு குறைத்தால் வளையம் நேருக்கு வரும். அலைன்மென்ட் செய்கிறவரிடம், வளையத்தை நேரே வைத்துப் பூட்டிவிட்டு இரண்டு பக்கத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவர் றொட்டைத் திருப்ப முன், இரண்டு பூட்டின் சின்னக் கிளிப்பையும் விலக்கச் சொல்லுங்கள். விலக்காமல் திருப்பினால் புதுப் பூட் பிழிந்த துணி மாதிரி முறுகி நிற்கும், முதல் மாரியிலேயே மடிப்பில் வெடிக்கும். முடிந்ததும் நீங்களே குனிந்து பாருங்கள், மடிப்புகள் நேராக இருக்க வேண்டும், கிளிப் திரும்ப அதன் இடத்தில் இருக்க வேண்டும், லொக் நட் இரண்டும் இறுகியிருக்க வேண்டும். பார்த்த பிறகு காசு கொடுங்கள்.