நம்ம கடற்கரையில் ஜாஸ் கேட்டவர்கள் யாராவது உண்டா?

பாம்பன் பாலத்தடி:

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஜாஸ் கேட்கிறவர்கள் பத்துப் பேராவது இருப்போம் என்ற நம்பிக்கையில் ஆரம்பிக்கிறேன். மனதை விட்டுப் போகாமல் அரிக்கிற அனுபவம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். முதலில் என்னுடையது.

சாக்ஸபோன்காரர் சானி ராலின்ஸின் தி பிரிட்ஜ். கதை தெரிந்ததுதானே. நல்ல பேரும் புகழுமாக இருந்த ஆள் 1959-ல் மேடையை விட்டே ஒதுங்கினார். பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணி, அவருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் போய் நின்று சாதகம் செய்தார். 1962-ல் இந்த ஆல்பம். பாலத்தில் வாசித்தவரைப் பாலத்தில் வைத்துத்தான் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு கிறுக்கு. பாம்பன் ரோட்டுப் பாலம், ஆடி மாதம், கச்சான் காற்று ஆளைத் தள்ளுகிறது. கீழே பழைய ரயில் பாலத்தைத் தூக்கிவிட்டிருந்தார்கள். தென்கடலில் இருந்து ஒரு கப்பல் மெதுவாக வந்துகொண்டிருந்தது. வேடிக்கை பார்க்க வண்டிகள் எல்லாம் ஓரமாக நிற்கின்றன.

பக்கத்தில் ஒரு பெரியவர், கையில் தூண்டில் நரம்பு சுற்றிய பாட்டில். "என்னப்பா, பாட்டா?" என்றார். இயர்போனில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். கப்பல் பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் அசையாமல் கேட்டார். அப்புறம், "ஊதுறவன் சரி. அவன் கேக்குறதுக்கெல்லாம் ஒருத்தன் அடங்கின குரல்ல பதில் சொல்றானே, அவன் யாரு?"

கிட்டார். ஜிம் ஹால். அந்த ஆல்பத்தில் பியானோவே கிடையாது. நாலு வருடமாகக் கேட்டும் கிட்டாரைப் பின்னணி என்றுதான் நான் நினைத்திருந்தேன். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஹாரன் சத்தம். அவர் இயர்போனைக் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கேட்ட கேள்விக்கு ஒரு பெயரைச் சொல்லவில்லையே என்பதுதான் இன்னும் அரிக்கிறது.

வலிநோக்கம் காற்று:

நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். ஸ்டான் கெட்ஸும் ஜோவாவ் ஜில்பெர்ட்டோவும் சேர்ந்து செய்த ஆல்பம், 1964. இபனேமா கடற்கரையில் நடந்துபோகிற பெண்ணைப் பற்றிய பாட்டு. கடற்கரைப் பாட்டைக் கடற்கரையில் கேட்போம் என்று புளூடூத் ஸ்பீக்கரோடு போனேன். கரையெல்லாம் நெத்திலி காயப்போட்டிருந்தார்கள். பாடகி ஆஸ்ட்ரூட் பாட ஆரம்பித்ததும் ஒரு காக்கா நெத்திலியைக் கவ்வியதும் ஒரே நேரம். காவலுக்கு இருந்த அக்கா விட்ட கல் ஸ்பீக்கரில் பட்டது. அந்தப் பாட்டு எப்படி முடியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கீழக்கரை மகள்:

வாப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த கேசட் பெட்டியில் ஒன்றை மட்டும் யாரும் சீண்டவில்லை. பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1960-ல் பெர்லினில் பாடியது. சமையல் முடிகிற வரைக்கும் அதைத்தான் ஓடவிடுவேன். இங்கிலீஷ் அப்போது எட்டாது. மேக் தி நைஃப் பாட்டில் கூட்டம் ஏன் அப்படி ஆரவாரம் செய்கிறது என்று தெரியாமலே பத்து வருடம் கேட்டிருக்கிறேன்.

என் மகள் காலேஜ் லீவில் வந்திருந்தாள். நான் மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறேன். "உம்மா, இவங்களுக்கு வரி மறந்துபோச்சு. மறந்துபோச்சுங்கறதையே பாட்டா பாடுறாங்க" என்றாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். மறந்துபோனதைச் சொல்லிக்கொண்டே, நடுவில் லூயி ஆம்ஸ்ட்ராங் மாதிரி குரலை மாற்றி, மெட்டை விடாமல் கரை சேர்க்கிறார். அந்தப் பாட்டுக்குத்தான் கிராமி விருதும் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் உம்மம்மா கல்யாண வீடுகளில் பைத்து பாடுவார். கடைசியாகப் பாடிய வீட்டில் அவருக்கும் வரி மறந்தது. ராகத்தை விடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண்களின் பெயர்களையே கோத்துக் கோத்துப் பாடினார். எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது நான், பன்னிரண்டு வயது. உம்மம்மா என்னையே பார்த்துக்கொண்டு பாடி முடித்தார். அப்புறம் எந்த வீட்டுக்கும் பாடப் போகவில்லை.

மண்டபம் ஷார்ட்வேவ்:

பாலத்தடித் தம்பி தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெரியவரிடம் ஞானம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்து ஸ்டீரியோவில் ஒரு வாத்தியத்தை ஒரே பக்கமாக ஒதுக்கிவிடுவது உண்டு. நீங்கள் கொடுத்தது கிட்டார் விழுகிற பக்கமாக இருந்திருக்கும், அவ்வளவுதான். காற்றடிக்கிற பாலத்தில், ஒரு காதில், அதுவும் போனில்! ஆல்பத்தை இப்படியா கேட்பது?

என் கதை சின்னது. எழுபதுகள். டிரான்சிஸ்டரில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ஜாஸ் நிகழ்ச்சி. டேக் தி ஏ ட்ரெயின் முகப்பு இசை முடிந்ததும் வில்லிஸ் கோனோவர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். எனக்கு இங்கிலீஷ் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஒரு நாள் ராத்திரி, வாடைக் காற்று மாதம், ஒரு சாக்ஸபோன். ரொம்ப மெதுவான வாசிப்பு. சுரத்துக்கு முன்னாலேயே மூச்சுக் காற்று கேட்கிறது. சிற்றலையில் சத்தம் ஏறி இறங்குமே, அதோடு சேர்ந்து அவரும் ஏறி இறங்கினார். முடிந்ததும் கோனோவர் பெயரைச் சொன்னார். சரியாக அந்த நொடியில் ஸ்டேஷன் அமுங்கிப்போனது. இன்றுவரை அவர் யார் என்று தெரியாது.

போகட்டும். புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். எடுத்த எடுப்பில் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேனிடம் போகாதீர்கள். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் 1956-ல் சேர்ந்து பாடியதில் ஆரம்பியுங்கள். வழுவழுப்பான குரலும் கரகரத்த குரலும் ஒன்றுக்கொன்று வழிவிடுவதைக் கேட்டாலே பாதி ஜாஸ் புரிந்துவிடும். அடுத்தது கோல்ட்ரேனும் பாடகர் ஜானி ஹார்ட்மனும் 1963-ல் செய்தது. ஆறே பாட்டு, அரைமணி நேரம். இவ்வளவு சாதுவாகவும் கோல்ட்ரேன் வாசிப்பார் என்று அதில்தான் தெரியும். பில்லி ஹாலிடேயின் லேடி இன் சாட்டின், 1958, அதை மட்டும் தனியாக இருக்கும்போது போடாதீர்கள். குரல் உடைந்து நூலாகத் தொங்குகிறது. அடுத்த வருடம் அவர் போய்விட்டார். கைண்ட் ஆஃப் புளூ டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ஆல்பம்தானே என்று கேட்பீர்கள். கோல்ட்ரேன், கேனன்பால் ஆடர்லி என்று இரண்டு சாக்ஸ் அதில் இருக்கிறது, மறக்க வேண்டாம். ஒன்று மட்டும் கவனியுங்கள். 1959-ல் பதிவு செய்தபோது ஒரு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. அதனால் பழைய இசைத்தட்டில் முதல் பக்கம் முழுவதும் சுருதி ஒரு நூல் ஏறித்தான் ஒலிக்கும். 1990களில்தான் சரிசெய்தார்கள். பழைய தட்டோடு கூட வாசித்துப் பழகியவர்கள், தங்கள் வாத்தியத்தில்தான் கோளாறு என்று நினைத்திருப்பார்கள், பாவம்.

அப்புறம் கோல்ட்ரேனின் எ லவ் சுப்ரீம். பதிவான தேதி 1964 டிசம்பர் 9. பதின்மூன்றே நாளில் தனுஷ்கோடி. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அலைச் சத்தம்தான் கேட்கிறது.

இப்போது ராமேஸ்வரம்:

ஐயா, மற்றதெல்லாம் சரி, புயலை இதில் இழுக்காதீர்கள். நியூ ஜெர்சியில் ஒரு ஸ்டுடியோவில் நாலு பேர் ஒரு நாள் வாசித்ததற்கும் 22-ந் தேதி ராத்திரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. என் தாத்தா அந்த ராத்திரியில் போனவர். அவருக்காக யாரும் சாக்ஸபோன் வாசிக்கவில்லை.

இவ்வளவு சொல்கிற நானும் அதே ஆல்பத்தை அரிச்சல்முனையில் கேட்டவன்தான், ஒப்புக்கொள்கிறேன். நாலாவது பகுதியில் கோல்ட்ரேன் தான் எழுதிய பிரார்த்தனைக் கவிதையை வாயால் சொல்லாமல் சாக்ஸிலேயே சொல்லுக்குச் சொல் வாசிக்கிறார் என்று படித்திருந்தேன். கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மூன்றாவது பகுதியின் கடைசியில் மற்ற எல்லாரும் ஒதுங்கிவிடுகிறார்கள், ஜிம்மி காரிசனின் பாஸ் மட்டும் தனியாக நடந்துபோகிறது. போன் அதிர்ந்தது. இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று மெசேஜ். சிக்னல் அந்தக் கரைக்குத் தாவிவிட்டது, பாட்டு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் கடல், ஒரு சத்தமும் இல்லை. வேன்காரர் கூப்பிட்டார், வந்துவிட்டேன்.

நாலாவது பகுதியை இன்னும் கேட்கவில்லை. வீட்டில் வைஃபை இருக்கிறது, நிமிடத்தில் கேட்கலாம். கேட்கவில்லை.

தங்கச்சிமடம் கொயர் கிட்டார்:

மண்டபம் ஐயாவுக்கு வணக்கம். வீட்டில் ஏழு பேர், ஒரு டிவி. இயர்போன் இல்லாவிட்டால் நான் ஜாஸே கேட்டிருக்க மாட்டேன்.

வெஸ் மாண்ட்கோமரி. 1960-ல் வந்த ஆல்பம், தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிட்டார். அவர் பிக் இல்லாமல் கட்டைவிரலால் வாசிப்பவர். பகலில் தொழிற்சாலை வேலை, ராத்திரி வீட்டில் சாதகம், சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தில் முணுமுணுக்கவும் கட்டைவிரலுக்கு மாறினார் என்பார்கள். நானும் தடைக்காலம் அறுபத்தொரு நாளும் அதையே பழகினேன். போட் கடலுக்குப் போகாது, வேறு என்ன வேலை? ஒரே மெட்டை இரண்டு ஸ்தாயியில் ஒருசேர வாசிப்பாரே, ஆக்டேவ், அதுகூட ஓரளவு வந்துவிட்டது. ஜூன் பதினைந்து, முதல் தங்கல். வலை இழுக்கும்போது நரம்பு கட்டைவிரலை அறுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அந்த விரலோடுதான் வாசித்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் உப்பு வைத்த மாதிரி எரிகிறது. ஆனால் சத்தம்! வலி தாங்காமல் லேசாகத் தொட்டேன் பாருங்கள், அப்போது மட்டும் அந்த வெல்வெட் சத்தம் வந்தது. பாடல் குழு அண்ணன், "கிட்டார் கேக்கவே இல்ல, பிக் எங்க?" என்று எல்லார் முன்னாலும் திட்டினார். விரல் ஆறியது. அந்தச் சத்தம் திரும்ப வரவில்லை.

ஐயா தேடுகிற ஆள் பென் வெப்ஸ்டராக இருக்கலாம். 1957-ல் பதிவான சோல்வில் கேட்டுப் பாருங்கள். ஹெர்ப் எல்லிஸ் கிட்டாருக்காக நான் போய் மாட்டிக்கொண்ட ஆல்பம். சுரத்தைவிட மூச்சுதான் அதிகம்.

பேண்டு செட் வீட்டுப் பையன், ஓரியூர் பக்கம்:

கத்ரி கோபால்நாத்தை யாரும் சொல்லவில்லையே. அது கர்நாடக இசை, ஜாஸ் இல்லை என்று சண்டைக்கு வருவதற்கு முன்னால், 2008-ல் அமெரிக்க சாக்ஸ்காரர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு சேர்ந்து அவர் வாசித்த கின்ஸ்மென் கேளுங்கள். இரண்டு ஆல்டோ சாக்ஸ், ரெஸ் அப்பாஸி கிட்டார், கன்யாகுமரி வயலின்.

அப்பா தேர்பவனிக்குச் சாக்ஸ் வாசித்தவர். உப்புக் காற்றில் பித்தளை எத்தனை நாள் தாங்கும்? களிம்பு ஏறும், தோல் பேடு ஊறிப்போய்க் காற்று கசியும். கடைசியில் எடைக்குப் போட்டார். எத்தனை கிலோ என்றுகூட எங்களிடம் சொல்லவில்லை. படுக்கையில் விழுந்த பிறகு இந்த ஆல்பத்தைப் போட்டுக் காட்டினேன். கட்டில் விளிம்பில் அவர் விரல்கள் ஓட ஆரம்பித்தன. கத்ரி வந்தால் குஷியாகிவிடுவார் என்று நினைத்தேன். நடந்தது தலைகீழ். அந்த அமெரிக்கப் பையன் வாசிக்கும்போதெல்லாம் விரல் கூடவே ஓடியது. கத்ரி கமகம் எடுத்ததும் நின்றுவிட்டது. மறுபடி அவன், மறுபடி விரல். ஏன் என்று நான் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது.

பாம்பன் பாலத்தடி:

மண்டபம் ஐயா, எந்தக் காது இயர்போனைக் கொடுத்தேன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். நினைவில்லை. இப்போது அதுவும் சேர்ந்து அரிக்கிறது.

மண்டபம் ஷார்ட்வேவ்:

கொயர் தம்பிக்கு. சோல்வில் இரண்டு தடவை கேட்டேன். நல்ல வாசிப்பு, நன்றி. ஆனால் இவர் இல்லை. இவருக்கு மூச்சு கடைசியில் மிஞ்சுகிறது. நான் கேட்டவருக்கு முதலிலேயே வந்துவிட்டது, சுரம் அப்புறம்தான். வேறு யாராவது தோன்றினால் எழுதுங்கள்.