ஜப்பானில் பைக் லைசென்ஸ்: ஒரு பலகையும் ஒரு வெள்ளைக் கோடும்

யோகோஹாமா வந்து நான்காவது வருடத்தில்தான் பைக் லைசென்ஸ் எடுத்தேன். அதுவரை கார் லைசென்ஸ் மட்டும் இருந்தது. புதிதாக வருகிற நண்பர்கள் எப்படி எடுத்தாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி இங்கே செல்லும், ஆனால் வந்து இறங்கிய நாளிலிருந்து ஒரு வருடம்தான். அதற்கு மேல் இங்கேயே இருப்பவர் ஜப்பானிய லைசென்ஸுக்கு மாறியாக வேண்டும். நம் லைசென்ஸைக் கொடுத்து மாற்றிக்கொள்வதை ‘கைமென் கிரிகாயே’ என்கிறார்கள். லைசென்ஸ் வாங்கிய பிறகு, வாங்கிய நாட்டில் மூன்று மாதமாவது இருந்திருக்க வேண்டும். பாஸ்போர்ட் முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள், பழைய பாஸ்போர்ட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். நான் காருக்கு மாற்றியபோது எழுத்துத் தேர்வில் 10 கேள்விகள், 7 சரியாக இருந்தால் போதும். 2025 அக்டோபரிலிருந்து 50 கேள்விகள், அதில் 45 சரியாக இருக்க வேண்டும். எங்களைப் போன்ற பழைய ஆட்களின் கதையைக் கேட்டுவிட்டுப் படிக்காமல் போய்விடாதீர்கள்.

பைக்கையும் இதே வழியில் மாற்றலாம். என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் அப்படித்தான் போனார். ஓட்டும் தேர்வில் மூன்று முறை தோற்றுத் திரும்பி வந்தார். பதினைந்து வருடம் பைக் ஓட்டியவர் அவர். ஓட்டத் தெரியாமல் தோற்கவில்லை, இங்கே எப்படி ஓட்டிக் காட்ட வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைப் பார்த்துத்தான் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். செலவு அதிகம்தான், ஆனால் இன்று யார் கேட்டாலும் ஸ்கூலுக்கே போகச் சொல்வேன்.

நான் எடுத்தது 400 சிசி வரை ஓட்டக்கூடிய ‘ஃபுட்சூ நிரின்’. கார் லைசென்ஸ் கையில் இருந்தால் ஓட்டும் பயிற்சி 17 மணி, உட்கார்ந்து கேட்கும் பாட வகுப்பு ஒரே ஒரு மணி. எந்த லைசென்ஸும் இல்லாதவருக்கு 19 மணியும் 26 மணியும். ஒரு மணி என்றால் 50 நிமிடம். சேர்ந்து பயிற்சி தொடங்கிய நாளிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். சனி, ஞாயிறு இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் நான் வேலை முடிந்து மாலை வகுப்புகளுக்குத்தான் அதிகம் போனேன்.

முதல் வகுப்பில் வண்டியை ஓட்டவே விடவில்லை. தரையில் சாய்ந்து கிடந்த ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோரைக் காட்டி, தூக்கி நிறுத்து என்றார் ஆசிரியர். இருநூறு கிலோ வண்டி. கையால் இழுத்தேன், அசையவில்லை. அவர் என் அருகே குனிந்து, மார்பை சீட்டோடு ஒட்டச் சொல்லி, இடுப்பைத் தாழ்த்தி, காலால் தரையை உந்தி முன்னால் தள்ளச் சொன்னார். அடுத்த முயற்சியில் வண்டி எழுந்து நின்றது. என் தோள் உயரம்கூட இல்லாத ஒரு பெண்ணும் அன்று அதே போல் தூக்கினார்.

இரண்டாவது வகுப்பிலிருந்து என் பழக்கங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நிற்கும்போது நான் வலது காலை ஊன்றுவேன். இங்கே இடது கால்தான், வலது கால் பின் பிரேக்கை விடக் கூடாது. கிளட்ச் லீவரில் இரண்டு விரலை எப்போதும் போட்டே வைத்திருப்பேன், அதையும் நிறுத்தச் சொன்னார். திரும்பும் முன் கண்ணாடியைப் பார்த்தால் போதும் என்று நினைத்திருந்தேன். தலையைத் திருப்பித் தோளுக்கு மேல் பார்க்க வேண்டும், அதுவும் ஆசிரியருக்குத் தெரிகிற மாதிரி. தடம் மாறுவதற்கு மூன்று விநாடி முன்பே இண்டிகேட்டர். இடது பக்கம் திரும்புவதற்கு முன்பே ஓரமாக ஒதுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் அந்த இடைவெளியில் சைக்கிள் நுழைந்துவிடும். பயிற்சி வண்டியில் எந்த கியரில் இருக்கிறோம் என்று காட்டும் விளக்குகள் பொருத்தியிருப்பார்கள். ஐம்பது அடி தள்ளி நின்றே, நான் இரண்டாவது கியருக்கு மாறாததை அவர் கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம் அந்தப் பலகை. இங்கே ‘இப்பொன்பஷி’ என்பார்கள், ஒற்றைப் பாலம் என்று அர்த்தம். 15 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் உயரம். அதில் ஏறி, 7 விநாடிக்குக் குறையாமல் மெதுவாகக் கடக்க வேண்டும். 7 விநாடிக்குள் முடித்தால் மதிப்பெண் குறையும், விழுந்தால் தேர்வு அங்கேயே முடிந்தது. மணிக்கு எட்டு கிலோமீட்டர்கூட வராத வேகம் அது. அந்த வேகத்தில் வண்டி தானாக நிமிர்ந்து நிற்காது, நாம்தான் சாயாமல் பிடிக்க வேண்டும். முதல் நாள் பாதியைக்கூடத் தாண்டவில்லை. கண் தன்னாலே முன் சக்கரத்துக்குப் போய்விடும், போன மறு நொடி சக்கரம் பலகையை விட்டு இறங்கிவிடும். ‘தோக்கு ஓ மித்தே’ என்று ஆசிரியர் கத்துவார். தூரத்தைப் பார் என்று பொருள். மைதானத்தின் கடைசியில் ஒரு மரம் இருந்தது. அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டே, முழங்காலால் டேங்கை இறுக்கி, கிளட்சைப் பாதி விட்டு, பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே போனேன். ஹேண்டில்பாரை மட்டும் சின்னச் சின்னதாக இடமும் வலமும் அசைக்க வேண்டும். ஆறாவது வகுப்பில் 8 விநாடி வந்தது. ஆசிரியர் ஸ்டாப்வாட்சைத் தூக்கிக் காட்டினார். இன்றும் நெரிசலில் வண்டி ஊர்ந்து போகும்போது என் கண் தானாகத் தூரத்துக்குப் போகிறது.

மற்றவை எனக்குச் சிரமம் தரவில்லை. வரிசையாக வைத்த கூம்புகளுக்கு இடையே வளைந்து வளைந்து போகும் ஸ்லாலம் 8 விநாடிக்குள், கூம்பைத் தொடக் கூடாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து 11 மீட்டருக்குள் நிறுத்த வேண்டும், அதில் முன் பிரேக்கை நம்பக் கற்றுக்கொண்டேன்.

தேர்வு நாளில் நூறு மதிப்பெண்ணில் தொடங்கிக் கழித்துக்கொண்டே வருவார்கள், கடைசியில் 70 மிஞ்ச வேண்டும். பலகையை 7 விநாடிக்கு மேல் எடுத்துக் கடந்தேன். ஸ்லாலமும் முடிந்தது. மிச்சமிருந்தது சாதாரணமாகச் சுற்றி வருவதுதான். ஒரு முனையில் ‘தொமாரே’, அதாவது நில், என்று எழுதிய தலைகீழ் முக்கோணச் சின்னம், கீழே வெள்ளைக் கோடு. அங்கே வேகத்தைக் குறைத்தேன், இரண்டு பக்கமும் பார்த்தேன், யாரும் இல்லை, போய்விட்டேன். சக்கரம் முழுதாக நிற்கவில்லை. ஒலிபெருக்கியில் என் எண்ணைச் சொல்லித் திரும்பி வரச் சொன்னார்கள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பலகைக்காக எத்தனையோ இரவு கவலைப்பட்டிருக்கிறேன், அந்தக் கோட்டைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை. மறுநாள் கூடுதல் வகுப்பில் ஆசிரியர் வேறெதையும் செய்ய விடவில்லை. அந்த முனைக்கு வந்து, நின்று, இடது காலை ஊன்றி, வலம், இடம், மறுபடி வலம் பார்த்துப் புறப்படுவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். ஒரு முறை பைக்குப் பக்கத்தில் வந்து, சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை சைக்கிளில் வந்தால் உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். கோட்டில் நின்றபடி பார்த்தேன். சுவர்தான் தெரிந்தது. மெல்ல இன்னும் ஒரு அடி முன்னே வந்து நின்ற பிறகுதான் பாதை தெரிந்தது. அங்கே இரண்டு முறை நிற்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்துகொண்டேன். இரண்டாவது தேர்வில் தேறிவிட்டேன்.

ஸ்கூல் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஃபுத்தாமத்தாகாவா லைசென்ஸ் மையத்துக்குப் போனேன். கார் லைசென்ஸ் இருந்ததால் எழுத்துத் தேர்வு கிடையாது, கண் பரிசோதனையும் புகைப்படமும்தான். அன்றே புது அட்டை கையில் வந்தது. அதில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். முன்பு வெறும் கோடு இருந்த ஒரு கட்டத்தில் இப்போது மூன்று ‘கான்ஜி’, அதாவது ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்துகள்.

லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகும்வரை பின்னால் யாரையும் ஏற்றக் கூடாது. எக்ஸ்பிரஸ்வேயில் ஏற்றுவதென்றால் 20 வயது ஆகி, மூன்று வருட அனுபவமும் வேண்டும். எனக்கு வருகிற ஜூனில் ஒரு வருடம் முடிகிறது. மனைவியை அழைத்துப் போய் அவள் தலைக்குச் சரியாக உட்காரும் ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்கிவிட்டோம். இப்போதைக்கு அது செருப்பு அலமாரியின் மேல் இருக்கிறது.