பெனவெந்தோ என்றால் நல்ல காற்றா?

சாரல்நேசன், தென்காசி:
சித்தப்பா மகன் இத்தாலியில் நேப்பிள்ஸ் பக்கம் படிக்கப் போயிருக்கிறான். அங்கே பெனவெந்தோ என்று ஒரு பழைய ஊர், பெயருக்கு 'நல்ல காற்று' என்று அர்த்தமாம். ஆனி பிறந்தால் குற்றாலக் காற்றுக்காகக் காத்துக் கிடக்கிற ஊர்க்காரன் நான், கேட்டதும் மனசுக்குப் பிடித்துப்போனது. ஆனால் காற்றை வைத்து ஊர்ப் பெயர் வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரதவீதி, திருநெல்வேலி டவுண்:
தம்பி, பழைய பெயர் நேர் எதிர், மாலெவெந்தும். லத்தீனில் 'மாலெ' கெட்டது, 'பெனெ' நல்லது. அது சாம்னைட் என்ற பழைய இத்தாலிய மக்களின் ஊர். கி.மு. 275இல் பிர்ரஸ் என்ற கிரேக்க மன்னனோடு ரோமானியர் போரிட்டது அந்தப் பக்கத்தில்தான், அதோடு அவன் இத்தாலியை விட்டே போய்விட்டான். கி.மு. 268இல் ரோமானியர் அங்கே ஆட்களைக் குடியேற்றி, பெயரையும் பெனெவெந்தும் ஆக்கினார்கள். நல்ல சகுனத்துக்காக மாற்றிய பெயர் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினியே எழுதியிருக்கிறார். காற்றுக் கதையும் பழசுதான், 'வெந்துஸ்' என்றால் காற்று. 6ஆம் நூற்றாண்டில் புரோகோப்பியஸ் என்ற வரலாற்றாசிரியர் இந்தப் பெயரை விளக்கும்போது, கடலுக்கு எதிர்க்கரையான தால்மாத்தியாவில் அடிக்கிற காற்று குதிரையோடு ஆளையும் சேர்த்துத் தூக்கிவிடும் என்கிறார்.

பாளைவாசி:
அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் அந்த 'மாலெ' முதலில் கெட்டதே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். நாம் 'மரம்' என்பதை 'மரத்தை' என்று மாற்றுகிற மாதிரி, கிரேக்க மொழியில் சில ஊர்ப் பெயர்கள் வேற்றுமை ஏற்றால் 'ந்த' வந்து ஒட்டும். தென் இத்தாலியில் கிரேக்கர் குடியேறிய தராஸ் என்ற ஊர், தரந்தா ஆகும். ரோமானியர் வாயில் அது தரெந்தும். அப்படித்தான் மாலோயிஸ் என்ற பெயர் மாலோயெந்தா ஆகி, மாலெவெந்தும் ஆனது என்று மொழி ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். கிரேக்கத்தில் 'மாலோன்' என்றால் ஆப்பிள். பாவம், ஆப்பிள் ஊர் லத்தீன் காதில் கெட்ட ஊராகிவிட்டது. நெல்லும் வேலியும் இருந்த நம் ஊர்ப் பெயரை வெள்ளைக்காரன் டின்னவெல்லி ஆக்கி, அர்த்தத்தையே தொலைத்தான் இல்லையா? ரோமானியன் தொலைத்ததோடு நிற்காமல் புது அர்த்தம் வேறு கண்டுபிடித்தான்.

ரதவீதி, திருநெல்வேலி டவுண்:
அருமை! இன்னொன்றும் உண்டு. இத்தாலிக்குக் கிழக்கே அட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரையில் எபிதாம்னுஸ் என்ற ஊர், லத்தீனில் 'தாம்னும்' என்றால் நஷ்டம். அதையும் விட்டுவிட்டு திர்ராக்கியும் என்றே கூப்பிட்டார்கள்.

சாரல்நேசன், தென்காசி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி, பாளைக்காரருக்கும். எங்கள் ஆச்சி விளக்கை 'அணை' என்று சொல்லவிட மாட்டாள், 'அமர்த்து' என்றுதான் சொல்ல வேண்டும். 'போகிறேன்' என்றால் வாசலில் இருந்து திரும்பக் கூப்பிட்டு 'போயிட்டு வாரேன்னு சொல்லு' என்பாள். இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். "பின்னே, நாலு பேர் குடியிருக்கப் போற ஊருக்குக் கெட்ட பேரா வைப்பாங்க?" என்று கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தாள்.