பதில்: டிப்ளோய்மென்ட்டுக்கு எது சொல்? வினியோகமோ, பரவலாக்கமோ, வேற ஏதுமோ

வணக்கம், ஒரு மென்பொருளை ஒரே இடத்தில இருந்து கன மெசினில போடப் பண்ணுறதைத்தான் இங்கிலீசில டிப்ளோய்மென்ட் எண்டுறம், அதுக்குத் தமிழ்ச்சொல் எது எண்டதுதான் கேள்வி.

> 'மென்பொருள் வினியோகம்' எண்டு இருக்கேக்க ஏன் புதுசா ஒண்டு?

தங்கச்சி, ரெண்டு கிழமைக்கு முதல் கேட்டிருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பன். ஆனா போன கிழமை திருகோணமலை டவுனுக்குள்ள ஒரு ஒபிஸில (பேர் வேண்டாம்) நாப்பது மெசினுக்குத் தமிழ் கீபோர்ட் போடப் போய் அந்தச் சொல்லாலயே எங்களுக்கு ரெண்டு நாள் வீணாப்போச்சு.

விஷயம் சின்னன். மைக்ரோசொஃப்டின்ர கீபோர்ட் லேஅவுட் கிரியேட்டர்ல ரங்கநாதன் முறைக்கு (இலங்கையில பாவிக்கிற தமிழ் விசைப்பலகை) ஒரு லேஅவுட் கட்டி, அது தாற எம்எஸ்ஐ ஃபைலை (இன்ஸ்டோல் பண்ணுற ஃபைல்) சேர்வர்ல ஒரு ஷேர்ல (பகிர்ந்த ஃபோல்டர்) வச்சு, குரூப் பொலிசியில (டொமைன், அதாவது ஒபிஸ் வலையமைப்பில பதிஞ்ச மெசினுகளுக்குச் சேர்வர்ல எழுதி வைக்கிற கட்டளை) கொம்பியூட்டர் பக்கத்தில அசைன் பண்ணி விட்டம். முதல் நாள் ஒண்டுக்கும் வரேல்ல. ஷேரில வாசிக்கிற அனுமதி ஸ்டாஃப் குரூப்புக்கு மட்டும்தான் குடுத்திருந்தது, மெசின் பூட் ஆகேக்க அங்க ஸ்டாஃப் ஆரு இருக்கினம், மெசின் தன்ர சொந்தப் பேரிலதான் ஷேருக்குப் போகுது, டொமைன் கொம்பியூட்டர்ஸுக்கு (டொமைன் மெசினுகளின்ர குரூப்) அனுமதி குடுத்தாப் பிறகு அடுத்த நாள் இருபத்தொம்பதுக்கு வந்திட்டுது. பதினொண்டுக்கு வரேல்ல.

என்னோட வேலை செய்யிற தம்பி கெட்டிக்காரன், ஆனா அவன்ர தலைக்குள்ள 'சேர்வர் வினியோகம் பண்ணுது' எண்ட படம்தான் இருக்கு. அதால சேர்வருக்கு முன்னாலயே குந்திட்டான். பொலிசியை அழிச்சுத் திருப்பிச் செய்தான், பிறகு பக்கேஜில றீடிப்ளோய் அமத்தினான், அதின்ர பலன் அடுத்த நாள் காலமை ஏற்கனவே சரியாக் கிடந்த இருபத்தொம்பதும் இருந்து திருப்பி இன்ஸ்டோல் பண்ணினதுதான். பதினொண்டு அசையேல்ல.

நான் போய் அந்தப் பதினொண்டுக்கும் முன்னால ஒவ்வொண்டா இருந்து பாத்தா பிழை முழுக்க அங்கதான். நாலு மெசினில ஆரோ டிஎன்எஸ்ஸை (மெசின் பேர்களைத் தேடித் தாற இடம்) ரவுட்டருக்குக் குடுத்து வச்சிருக்கினம், ஈவென்ட் லொக்கில (மெசின்ர குறிப்பேடு) 1054 எண்ட எரர், டொமைன் கொன்ட்ரோலரின்ர (டொமைனை நடத்துற சேர்வர்) பேரே அதுக்குத் தெரியாது. லொகின் மட்டும் பழைய பாஸ்வேர்ட் ஞாபகத்தில நடக்கிறதால ஒருத்தருக்கும் சந்தேகம் வரேல்ல. மூண்டு மெசின் போன மாசம்தான் டொமைன்ல சேத்தது, கொம்பியூட்டர்ஸ் எண்ட தட்டிலயே கிடக்கு, அது ஓயூவே (பொலிசி கட்டக்கூடிய டொமைன் பிரிவு) இல்லை, அதில பொலிசி கட்டவும் ஏலாது, நாங்கள் கட்டினது வேற ஓயூவில. ஜிபிரிசல்ட் (எந்தப் பொலிசி வந்திருக்கு எண்டு காட்டுற கொமாண்ட்) அடிச்சா ரெண்டு நிமிசத்தில தெரிஞ்சிருக்கும்.

மிச்சம் நாலும்தான் எனக்குப் பிடிச்சது. அதில 1274 எண்டு எரர். தம்பி பயந்திட்டான், ஆனா அது பிழையே இல்லை, 'இப்ப ஏலாது, ஆளுகள் உள்ள வர முதல் பூட் ஆகேக்கதான் செய்வன்' எண்டு மெசின் மரியாதையாச் சொல்லுறதுதான். மற்றப் பொலிசியள் தொண்ணூறு நிமிசத்துக்கு ஒருக்கா, அதோட அரை மணித்தியாலம் வரைக்கும் கூடி, பின்னால தானா வந்து போகும். சொஃப்ட்வெயார் இன்ஸ்டலேஷன் அப்பிடி வராது. கிண்ணியாப் பாலம் 2009ல திறக்க முதல் பாதையில (ஆக்களை அக்கரைக்கு ஏத்திற மிதவை) ஏறிப் போன ஆக்களுக்கு விளங்கும், வெளிக்கிட்டிட்டுது எண்டா அடுத்த பாதை வருமட்டும் கரையில நிக்க வேண்டியதுதான்.

அந்த ஒபிஸ் ஆக்கள் சத்தியம் பண்ணுகினம், 'சேர், நாங்கள் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஷட்டவுண் பண்ணிட்டுத்தான் போறம்.' உண்மைதான். ஆனா விண்டோஸ் 8ல இருந்து ஃபாஸ்ட் ஸ்டார்டப் எண்ட ஒரு சாமான் இருக்கு, ஷட்டவுண் அமத்தினாலும் உள்ளுக்குக் கேர்னல் (விண்டோஸின்ர மையப் பகுதி) நித்திரைதான் கொள்ளுது, காலமை எழும்பேக்க அது முழுப் பூட் இல்லை. றீஸ்டார்ட் குடுத்தாத்தான் முழுப் பூட். நாலுக்கும் றீஸ்டார்ட் குடுத்தன், ரெண்டுக்கு உடன வந்துது. மற்ற ரெண்டும் நெட்வேர்க் வரமுதலே ஸ்க்ரீனைக் காட்டுற அவசரக்காரர், 'நெட்வேர்க் வருமட்டும் காத்திரு' எண்ட பொலிசியைப் போட்டு இன்னும் ரெண்டு றீஸ்டார்ட், சரி.

இப்ப சொல்லுக்கு வாறன். வினியோகம் எண்டா தண்ணி பவுசர் மாதிரி, அவன் வந்து உங்கட கேற்றடியில நிண்டு ஊத்திப்போட்டுப் போவான், தண்ணி வரேல்ல எண்டா பவுசர்காரனுக்குத்தான் கோல் எடுப்பியள். இது பவுசர் இல்லை, சங்கக்கடை. மெசின்தான் கூப்பன் மட்டையோட, கடை திறக்கிற நேரத்துக்குப் போய், தன்ர பேர் இடாப்பில இருந்தா, தானே சுமந்து கொண்டு வந்து தானே அடுக்கோணும். சாமான் வீட்ட வரேல்ல எண்டா முதல் வீட்டுக்காரனைத்தான் கேக்கோணும், போனனியா, எந்தக் கடைக்குப் போனனி, மட்டை இருந்துதா எண்டு. சொல் பிழையா இருந்தா ஆள் பிழையான இடத்தில போய்த் தேடுவான், அதுதான் என்ர முறைப்பாடு.

'பரவலாக்கம்' எண்டு எழுதின அண்ணை கோவிக்கக் கூடாது, எங்கட நாட்டில அந்தச் சொல் 1987ல இருந்து 'அதிகாரப் பரவலாக்கம்' எண்டதுக்கே நேந்து விட்டது, மென்பொருள் பரவலாக்கம் எண்டு அறிக்கை அனுப்பினா மாகாணசபைக்காரர் வந்து நிப்பினம். 'வரிசைப்படுத்தல்' எண்டு இயந்திர மொழிபெயர்ப்பில வருது, அது சோர்ட் பண்ணுறது, அதை விடுவம்.

நான் சொல்லுறது பெறுநிறுவல். பெறுமதி, பெறுபேறு, பெறுநர் எல்லாம் எங்களுக்குப் பழகின சொல்லுகள்தானே. மெசின் பெறுநர், அது பெற்று நிறுவுது.

அதோட குரூப் பொலிசியை 'குழுக் கொள்கை' எண்டுறதும் எனக்குப் பிடியாது. அது குழுவுக்குப் போறதே இல்லை, சைட், டொமைன், ஓயூ எண்டுதான் கட்டுறது, குரூப்பை வச்சு வடிகட்டலாம், அவ்வளவுதான். இங்கிலீசுக்காரன் விட்ட பிழையை நாங்கள் ஏன் சுமக்கோணும்? 'பணிப்புரை' எண்டு வைப்பம், மேலிடம் பணிப்புரை விடுக்கும், கீழ இருக்கிறது செய்யும். எங்கட ஒபிஸ் ஆக்களுக்கு அது தினமும் கேக்கிற சொல்.

---

பெறுநிறுவல் நல்லா இருக்குங்க, ஆனா பணிப்புரை சென்னையில ஓடாது. இங்க பணிப்பெண்ணுன்னா தெரியும், பணிப்பாளர்னா யாருக்கும் தெரியாது, உங்க பணிப்பாளர் எங்களுக்கு இயக்குநர், இயக்குநர்னா பாதிப் பேருக்கு சினிமா டைரக்டர் தான் ஞாபகம் வரும். கொள்கைன்னா கட்சிக் கொள்கை, அதுவும் சரியில்லைதான், ஒத்துக்கறேன். 'ஆணை'ன்னு வெச்சா என்ன? அரசாணை எல்லாருக்கும் பழக்கம்.

இன்னொண்ணு, எஸ்சிசிஎம்லயும் (மைக்ரோசாஃப்டோட இன்னொரு மென்பொருள் மேலாண்மைக் கருவி) ஏஜென்ட் தான் 60 நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் ஏதாவது இருக்கான்னு கேட்டு எடுக்குது, யாரும் தள்ளிவிடல. அப்போ உங்க சொல் குரூப் பாலிசிக்கு மட்டும்னு பூட்டி வெக்க வேண்டாம், அதுக்கும் பொருந்தும்.

---

ஒரு சிறு இலக்கணக் குறிப்பு. 'பெறுநிறுவல்' வினைத்தொகையாக விரிந்தால் 'பெறும் நிறுவல்', அதாவது நிறுவலே எதையோ பெறுவதாக ஆகிவிடும். கணினி பெறுகிறது என்ற நம் நண்பரின் வாதமே அதில் காணாமற் போகிறது. 'பெற்றுநிறுவல்' என்றால் பெற்று, பின் நிறுவுதல். ஓரெழுத்துத்தான் கூடுகிறது, வரிசையும் விளங்குகிறது. அசைன், பப்ளிஷ் இரண்டுக்கும் என்ன சொல்லப் போகிறீர்கள்? 'ஒதுக்கல்' என்று ஓரிடத்தில் கண்டேன். ஒதுக்கல் என்றால் ஒதுக்கி வைப்பதும் ஆகுமே.

---

வாத்தியார் ஐயா, பிடிச்சிட்டியள். பெற்றுநிறுவல் எண்டே வைப்பம், பிரிச்சு எழுதினாலும் கருத்து மாறாது.

சென்னை அண்ணை, எஸ்சிசிஎம் சொன்னது சரி, நான்தான் குறுக்கிப் பாத்திட்டன். ஆணைக்கு நான் எதிரில்லை, ஆனா எங்கட ஒபிஸில ஆணை எண்டா கோட்டில இருந்து வாறது எண்டுதான் பயப்பிடுவினம். அங்க ஆணை, இங்க பணிப்புரை எண்டு ரெண்டும் இருக்கட்டுமே, இயக்குநரும் பணிப்பாளரும் இவ்வளவு காலமும் சண்டை பிடிக்காமல் இருந்தவைதானே.

அசைன், பப்ளிஷுக்கு 'விதித்தது', 'விரித்தது' எண்டு யோசிச்சன். அசைன் பண்ணினா விதிச்சது, மெசின் போட்டே ஆகோணும். பப்ளிஷ் பண்ணினா கடை விரிச்ச மாதிரி, கொன்ட்ரோல் பனலுக்குள்ள போய் வேணுமெண்டா எடுக்கலாம், வேண்டாட்டி விடலாம். பப்ளிஷ் யூஸருக்கு மட்டும்தான், மெசினுக்கு இல்லை, அதால தொழிநுட்பப் பெடியளுக்கும் 'மெசினுக்கு விரிக்கேலாது' எண்டு சொல்ல வசதி. மோனை கொஞ்சம் கூடிப்போச்சோ தெரியேல்ல, வாத்தியார் சொல்லட்டும்.

தம்பிக்கு நேற்று ஒரு தாள் எழுதிக் குடுத்தன், தலைப்பு 'பெற்றுநிறுவல் வரேல்லையா? மெசினடிக்குப் போ'. சுவரில ஒட்டியிருக்கிறான். பதினொண்டும் சரி எண்டு நேற்று சொல்லியிருப்பன், இண்டைக்குக் காலமை நாப்பத்தோராவது வந்து நிக்குது, இடாப்பிலயே இல்லாத ஒரு லப்டொப், மூதூரில இருந்து விபிஎன்ல (இன்டர்நெட் வழியா ஒபிஸ் நெட்வேர்க்குக்குள்ள வாறது) வேலை செய்யினம். லிங்க் 500 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழ போனா ஸ்லோ லிங்க் எண்டு சொல்லி சொஃப்ட்வெயாரை எடுக்கவே எடுக்காது. அதைத் திங்கக்கிழமை ஒபிஸுக்குக் கொண்டு வந்து கேபிள் குத்தச் சொல்லியிருக்கிறன், அதுக்கிடையில ஸ்லோ லிங்குக்கு ஆராவது ஒரு சொல் யோசிச்சு வையுங்கோ, 'மெது இணைப்பு' எண்டா எனக்கு ஏதோ காணாத மாதிரிக் கிடக்கு.